கிளினிக்கில் கோபம்: எப்படி ஏறுகிறது, எப்படி வடியும்?

மருத்துவமனையில் தகராறு என்றதும் பேச்சு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். “ஜனங்களுக்கு இப்போ பொறுமையே இல்லை” என்பது ஒரு கட்சி. “காசையும் வாங்கிக்கிட்டு மனுஷனா மதிக்கிறதில்லை” என்பது இன்னொன்று. தீர்வும் இப்படித்தான்: ஒருவர் சிசிடிவி கேமரா வை என்பார், மற்றவர் சிரித்த முகமாகப் பேசு என்பார். கும்பகோணத்து மாலைநேர கிளினிக்கிலோ மன்னார்குடியின் பத்துப் படுக்கை நர்சிங் ஹோமிலோ டோக்கன் மேசைக்குப் புதிதாக வந்து உட்காரும் பெண்ணுக்கு இந்த யோசனைகளால் பெரிய பயன் இல்லை. எதிரில் நிற்பவரின் கோபம் எதனால் ஏறுகிறது, எதைச் செய்தால் இறங்கும் என்பது தெரிந்தால்தான் அவரால் ஏதாவது செய்ய முடியும்.

வரத்து, வடிகால், கரை

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை கசிகிறது. கசியும் இடத்திலேயே மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தால் பத்தடி தள்ளி வேறு இடத்தில் உடையும். விவரம் தெரிந்தவர் முதலில் தண்ணீர் உள்ளே வரும் தலைமதகை இறக்கச் சொல்வார். அடுத்து வடிகாலை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடச் சொல்வார். அதற்குப் பிறகு போடும் மண்தான் கரையில் நிற்கும்.

கிளினிக்கில் வரத்து என்பது வலி, பசி, பயம், இரைச்சல், ஒரே நேரத்தில் நாலு பேர் பேசுவது, ‘எப்போது கூப்பிடுவார்கள்’ என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது, பத்துப் பேர் முன்னால் அவமானப்படுவது. வடிகால் என்பது சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க இடம் கிடைப்பது, சொன்னதை யாரோ காதில் வாங்கினார்கள் என்று தெரிவது. விதி, எச்சரிக்கை, காவலாளி, போலீஸ் எல்லாம் கரையில் போடும் மண். மண்ணும் வேண்டும்தான். ஆனால் பெரும்பாலான இடங்களில் முதலில் கையில் எடுப்பதே அதைத்தான்.

உடம்புக்குள் நடப்பது

ஆபத்து என்று தோன்றியதும் மூளையின் உட்பகுதியில் உள்ள அமிக்டலா எச்சரிக்கை கொடுக்கிறது. அமிக்டலா என்பது பயத்தையும் அச்சுறுத்தலையும் மோப்பம் பிடிக்கும் சிறிய பகுதி. உடனே அட்ரினலின் சுரக்கிறது. நாடி வேகமாகிறது, தசை இறுகுகிறது, பார்வை குறுகுகிறது. அதே சமயம் யோசித்து, எடைபோட்டு, அடக்கிக்கொள்ளும் வேலையைச் செய்யும், நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியின் பிடி தளர்கிறது.

மேசையில் இருப்பவருக்கு இதில் மூன்று செய்திகள் உண்டு. ஒன்று, அந்த நிலையில் இருப்பவருக்கு நீளமான விளக்கம் ஏறாது. “சார், எங்க ப்ரொசீஜர் என்னன்னா...” என்று ஆரம்பித்தால் பாதிக்கு மேல் அவர் காதில் விழவில்லை. ஏழெட்டுச் சொல்லுக்குள் முடியும் வாக்கியம்தான் போய்ச் சேரும். அதையும் இரண்டு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு, சத்தமும் உடல்மொழியும் சொல்லுக்கு முன்னால் போய்ச் சேர்கின்றன. நாம் குரலை உயர்த்தினால் அவர் உடம்பு அதைத் தாக்குதலாகவே எடுத்துக்கொள்ளும். மூன்று, ஏறுவது நொடியில், இறங்குவது மெதுவாக. குரல் தணிந்த பிறகும் உடம்பு அடங்க அரைமணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் ஒரு ஏளனச் சிரிப்பு போதும், மறுபடி பற்றிக்கொள்ளும். “இப்பதான் சமாதானமாப் போனாரு, திரும்பி வந்து கத்துறாரே” என்று ஊழியர்கள் வியப்பது இதனால்தான்.

“அமைதியா இருங்க” என்று சொன்னால் ஏன் யாரும் அமைதியாவதில்லை என்பதும் இங்கே விளங்கும். அந்தச் சொல் வரத்தைக் குறைக்கவில்லை, வடிகாலையும் திறக்கவில்லை. உன் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று அறிவிப்பதாகவே அவருக்குக் கேட்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது: இது கோபமா, நோயா?

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கக் காரணம் உண்டு. தகராறு செய்பவரை வெளியே தள்ளிவிட்ட பிறகு அவர் வாசலில் மயங்கி விழுந்தால் அது தகராறு அல்ல, தவறவிட்ட நோய்.

டெல்டாவில் அடிக்கடி நேர்வது ரத்தச் சர்க்கரை இறங்குவது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று விடியற்காலைப் பேருந்து பிடித்து, முந்திய இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டதோடு ஒருவர் வருகிறார். பழக்கத்தில் காலை மாத்திரையைப் போட்டுவிட்டார், அல்லது இன்சுலின் ஊசியும் போட்டாயிற்று. பத்து மணிக்குத்தான் லேப் பையன் ரத்தம் எடுக்கிறார். பத்தரைக்கு அந்த அமைதியான மனிதர் வியர்த்து, கை நடுங்கி, சம்பந்தமில்லாமல் கத்துகிறார். பார்ப்பவர்கள் முரடன் என்று நினைக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் 70 மில்லிகிராமுக்குக் கீழே காட்டினால் அதுதான் காரணம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை, சுமார் 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. மயக்கமாக இருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்னும் குளுக்கோஸ் திரவத்தை ஏற்ற வேண்டும், மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும். தடுப்பது இதைவிட எளிது. பரிசோதனைச் சீட்டிலேயே “ரத்தம் கொடுத்துவிட்டு, சாப்பிடும்போதுதான் சர்க்கரை மாத்திரை அல்லது ஊசி” என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். வெறும் வயிற்றுக்காரர்களிடம் முதலில் ரத்தம் எடுத்து, கீழேயிருக்கும் இட்லிக் கடைக்கு அனுப்பிவிடலாம்.

அடுத்தது குடி. போதையில் வருபவரை எல்லோருக்கும் தெரியும். குடியை நிறுத்தியதால் வரும் குழப்பம்தான் பலருக்குத் தெரியாது. தினமும் குடிப்பவர் கால் எலும்பு முறிந்து படுக்கையில் சேர்கிறார். குடி கிடைக்காத முதல் நாளில் நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல். இரண்டாம் மூன்றாம் நாள் வாக்கில் சிலருக்கு டெலிரியம் வருகிறது. டெலிரியம் என்பது உடல்நோயால் திடீரென்று அறிவு குழம்பி, இடம் காலம் தெரியாமல் போவது. அவர் ராத்திரியில் குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்கி எறிவார், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். “பேய் பிடிச்சிருக்கு, மந்திரிக்கணும்” என்று வீட்டார் கிளம்புவார்கள். உயிருக்கு ஆபத்தான நிலை இது. கட்டிப் போட்டு அடக்கும் விஷயமல்ல, மருந்து வேண்டும். சேர்க்கும்போதே “தினமும் எவ்வளவு, கடைசியா எப்போ?” என்று மனைவி தள்ளி நிற்கும்போது கேட்டுக் குறித்துவைத்தால் பாதிப் பிரச்சினை வராது.

குடித்திருக்கிறார் என்பதற்காக மற்றது எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவதும் தவறு. பைக்கில் விழுந்து வந்தவரின் உளறல் சாராயத்தாலா, தலைக்குள் ரத்தக் கசிவாலா என்பதை வாடையை வைத்துச் சொல்ல முடியாது.

வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டாலே அமைதி போய்விடும். கிருமித்தொற்று, சோடியம் குறைவு, ஆக்சிஜன் குறைவு எல்லாம் அப்படித்தான். வயலில் மருந்து அடித்துவிட்டு நேரே வந்தவர் வியர்த்து, எச்சில் ஒழுக, குழம்பிப் பேசினால் பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கலாம். ஆக, கத்துபவர் நோயாளியே என்றால் ஐந்து நிமிடத்துக்குள் நான்கு பார்த்துவிட வேண்டும்: சர்க்கரை, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன், ரத்த அழுத்தம், காய்ச்சல். கூடவே ஒரு கேள்வி, வீட்டாரிடம்: “இவர் எப்பவுமே இப்படியா, இன்னைக்குத்தானா?” இன்றைக்குத்தான் என்ற பதில் வந்தால் அது மருத்துவரின் வேலை, காவலாளியின் வேலை இல்லை.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: பதற்றத்தில் இருக்கும் மூளைக்கு நீண்ட பேச்சு ஏறாது. கத்துவது நோயாளியானால் முதலில் நோயைத் தேட வேண்டும். நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான், அல்லது கத்துவது கூட வந்தவர் என்றால்தான், கீழே வருவது பொருந்தும்.

காத்திருப்பு என்னும் தலைமதகு

கிளினிக் சண்டைகளில் பாதிக்கு மேல் டோக்கன் மேசையில் முளைப்பவை என்று சொன்னால் அந்த வேலையில் இருப்பவர்கள் மறுக்க மாட்டார்கள். நேரம் ஆவதைவிட நேரம் தெரியாததுதான் அங்கே எரிச்சல். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று தெரிந்தால் ஆள் கடைத்தெருவுக்குப் போய் வருவார். “வந்துருவாரு, உக்காருங்க” என்று நாலு முறை சொன்னால் நாற்பது நிமிடத்திலேயே எழுந்து நிற்பார்.

“டாக்டர் ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காங்க. பதினொன்றரைக்கு முன்னால வர மாட்டாங்க. டீ குடிச்சிட்டு வாங்கய்யா, உங்க டோக்கன் எங்கயும் போகாது.” இந்தப் பதிலில் காரணம் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இடம் பறிபோகாது என்ற உறுதியும் இருக்கிறது. நேரத்தைச் சற்றுக் கூட்டியே சொல்வது நல்லது. முன்னால் வந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பதினொன்றரை தாண்டும் என்று தெரிந்தால் பதினொன்று இருபதுக்கே நாமாகச் சொல்ல வேண்டும், கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு நெருக்கடிகளை மேசையில் இருப்பவர் மனதில் வைத்திருக்க வேண்டும். மாலைக் கிளினிக்கில் எட்டு மணியைத் தாண்டியதும் கிராமத்துக்காரர்களுக்குக் கடைசி டவுன் பஸ் கவலை வந்துவிடும். அதைத் தவறவிட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசு டாக்டர் பீஸைவிடக் கூட. டோக்கன் எழுதும்போதே “எந்த ஊரு, எத்தனை மணி பஸ்ஸு?” என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் வரிசையைக் கொஞ்சம் மாற்றலாம். நடவு, அறுவடை நாட்களில் காலையில் வருபவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. இதெல்லாம் தெரியாமல் ‘பொறுமை இல்லாத ஜனம்’ என்று சொல்வது சோம்பேறித்தனம்.

வரிசை மீறப்படுவது இன்னொரு கசிவு. அவசர நோயாளியை முன்னால் விட்டால் உரக்கச் சொல்லிவிட வேண்டும்: “நெஞ்சுவலிங்க, இவரை முதல்ல பாத்துடறோம்.” யாரும் மறுக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டால் அதே ஆள் தெரிந்தவர், காசு கொடுத்தவர் ஆகிவிடுவார். கறுப்புப் பையோடு மருந்துக் கம்பெனி ரெப் நடுவில் உள்ளே போவதற்குச் சொல்லக்கூடிய காரணமே கிடையாது; அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவதுதான் வழி. மருத்துவரின் சொந்தக்காரர் பக்கக் கதவால் நுழைவதும் அப்படியே. அதை மேசைப் பெண்ணால் தடுக்க முடியாது. மருத்துவர்தான் தடுக்க வேண்டும், திட்டு மட்டும் அந்தப் பெண்ணுக்கு.

பணத் தகராறுக்கும் இதே இலக்கணம்தான். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் மட்டும்தான் செல்லும். இதை டிஸ்சார்ஜ் அன்று சொன்னால் சண்டை, சேர்க்கும் அன்று சொன்னால் தகவல். உத்தேசச் செலவை எழுதிக் கொடுத்து, அது கூடும்போதெல்லாம் அன்றன்றே சொல்லிவிட வேண்டும்.

எதிரில் நிற்கும்போது

இனி வடிகால். மருத்துவத்தில் இதைப் பதற்றத் தணிப்பு என்கிறார்கள்: கை வைக்காமல், மருந்து கொடுக்காமல், பேச்சாலும் நிற்கும் விதத்தாலும் ஒருவரைக் கீழே இறக்குவது. அமெரிக்க அவசர மனநல மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்று இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடியும் வேலை என்கிறது அது. மேசையில் அவ்வளவு நேரம் ஏது என்று தோன்றும். சண்டையானால் அரை நாள் போகும்.

ஒரே ஒருவர்தான் பேச வேண்டும். உதவிக்கு என்று கம்பவுண்டர், நர்ஸ், லேப் ஆள் எல்லோரும் சுற்றி நின்று ஆளுக்கொன்று சொல்வதுதான் நம் ஊரில் அதிகம் கெடுக்கும் பழக்கம். அவர் உடம்புக்கு அது முற்றுகை. மற்றவர்கள் தள்ளி நின்று, காத்திருப்போரை வேறு பக்கம் நகர்த்தலாம், டிவி சத்தத்தைக் குறைக்கலாம். பேசுபவர் இரண்டு கை நீளம் தள்ளி, நேருக்கு நேராக மார்பை நிமிர்த்தாமல் சற்றே சாய்கோணத்தில், கைகள் தெரியும்படி நிற்க வேண்டும். தோளில் கை போட்டு “விடுண்ணே” என்பது தெரிந்தவரிடம் செல்லும். தெரியாதவரிடம் அது தள்ளுமுள்ளின் முதல் தொடுகை ஆகிவிடலாம். முடிந்தால் உட்கார வைக்க வேண்டும், நாமும் உட்கார வேண்டும்.

முதலில் கேட்பது: “என்ன ஆச்சுண்ணே, சொல்லுங்க.” குறுக்கிடாமல் விட்டால் முதல் வேகம் ஒன்றிரண்டு நிமிடத்தில் தீரும். பிறகு அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்ல வேண்டும்: “காலையில ஏழு மணிக்கு வந்தீங்க. அம்மாவுக்கு மூச்சு வாங்குது. யாரும் வந்து பார்க்கல. அதானே?” இது நடிப்பு அல்ல, சரியாகப் புரிந்ததா என்று சோதிப்பது. அவர் ‘ஆமா’ என்று சொன்னதும் தோள் சற்று இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அடுத்து, அவர் சொன்னதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொள்ள வேண்டும். “மூணு மணி நேரம் காக்க வெச்சது தப்புத்தான்” என்பதால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள். உண்மை இல்லாததை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

அதன் பிறகு இரண்டு வழி கொடுப்பது. “இப்பவே நர்ஸம்மாவை வந்து ஆக்சிஜன் பார்க்கச் சொல்றேன். நீங்க அம்மா பக்கத்துல இருக்கீங்களா, இல்ல உள்ள வந்து டாக்டர்கிட்ட ரெண்டு நிமிஷம் சொல்றீங்களா?” இரண்டுமே நம்மால் முடிந்தவையாக இருக்க வேண்டும், முடியாததைச் சொல்லி ஏமாற்றினால் அடுத்த முறை எந்தப் பேச்சும் எடுபடாது.

பேசும் முறையும் இடத்துக்கேற்ப. வயதானவருக்கு ஐயா, அம்மா. நடுவயதுக்காரருக்கு அண்ணே, அக்கா. ‘சார்’ என்பது சிலருக்குத் தள்ளிவைப்பதாகப் படும். ஒருமையில் விளிப்பது, வேட்டி சட்டையைப் பார்த்துக் குரலை மாற்றுவது ஆகியவற்றை எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாது.

கரை போடுவது

எல்லோரும் பேச்சில் தணிய மாட்டார்கள். எல்லை சொல்லும்போது அது குறிப்பாக, ஒரே மூச்சில், மிரட்டல் இல்லாமல் இருக்க வேண்டும்: “நீங்க சொல்றதைக் கேக்கத்தான் நிக்கிறேன். மேசையைத் தட்டினா என்னால பேச முடியாது. உக்காந்து பேசலாம், இல்லன்னா பத்து நிமிஷம் வெளிய நின்னுட்டு வாங்க.” சொன்னதைச் செய்ய வேண்டும். “போலீஸைக் கூப்பிடுவேன்” என்று சவால் விடுவதில் பயனில்லை. தேவைப்பட்டால் பின்னால் இருப்பவர் சத்தமில்லாமல் 100 அல்லது 112ஐ அழைக்கட்டும். அதற்கு ஊழியர்களுக்குள் ஒரு சங்கேத வாக்கியம் வேண்டும். “பச்சை ஃபைலை எடுத்துட்டு வாங்க” என்பதுபோல் சாதாரணமாக ஒலித்தால் போதும்.

எப்போது பேச்சை விட்டு நகர்வது? ஓயாமல் முன்னும் பின்னும் நடப்பது, முஷ்டி இறுகுவது, ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருவது, கத்தியவர் சட்டென்று மௌனமாகி வெறிப்பது. கடைசியாகச் சொன்னதைப் பலர் தணிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்துக்காகத்தான் ஊழியரின் நாற்காலி கதவுக்கு அருகில் இருக்க வேண்டும், மேசையில் பேப்பர்வெயிட், கத்தரிக்கோல் தட்டு, கண்ணாடி ஜக் இருக்கக்கூடாது.

கூட்டமும் மரணமும்

பாம்புக்கடியோ விபத்தோ, நம் கிராமங்களில் நோயாளி தனியாக வருவதில்லை. ஒரு லோடு ஆட்டோ நிறைய ஆள் வரும். கூட்டத்தோடு பேச முடியாது. “வீட்டுக்காரங்க ரெண்டு பேர் மட்டும் வாங்க” என்று பிரிக்க வேண்டும். ஒன்றியச் செயலாளரோ கவுன்சிலரோ வந்தால் ஒதுக்கக்கூடாது. குடும்பம் ஒப்புக்கொண்டால் அவரையே அந்த இருவரில் ஒருவராக வைத்துக்கொள்ளலாம். ஊராரை அடக்க அவரால் முடியும், நம்மால் முடியாது. செல்போனில் படம் எடுப்பவரின் போனைப் பிடுங்கினால் அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் பேச்சே அதைப் பற்றித்தான்.

மேல்சிகிச்சைக்கு அனுப்பும்போது காரணம் சொல்லாமல் “தஞ்சாவூர் கொண்டு போங்க” என்றால் கைகழுவுவதாகவே படும். உதாரணமாக, மயிலாடுதுறையில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. அது உள்ள திருவாரூர் சுமார் 40 கிலோமீட்டர், தஞ்சாவூர் சுமார் 70. அவ்வளவு தூரம் பயத்தோடு போகப்போகிறவர்களுக்கு இங்கே எது இல்லை, அங்கே எது இருக்கிறது, வழியில் என்ன ஆகலாம் என்பதைச் சொல்லி, 108 வரும்வரை பக்கத்தில் நிற்க வேண்டும்.

இறப்பை மருத்துவரே சொல்ல வேண்டும், மறைவான அறையில், நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம். “சீரியஸ்” என்று இழுத்துவிட்டு அரைமணி கழித்துச் சொல்வதும், உயிர் போன உடலை வேறு ஊருக்கு அனுப்பிவைப்பதும் கலவரத்துக்கு அழைப்பு. “எவ்வளவோ பார்த்தோம். இறந்துட்டாங்க” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும். பில் பேச்சு அந்த அறையில் வரவே கூடாது. நிலுவைக்காக உடலைப் பிடித்துவைக்கக்கூடாது என்று தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனமும் சொல்கிறது.

சட்டம் எங்கே உதவும்

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களையும் நிறுவனங்களையும் தாக்குவதற்கு எதிராக 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. மூன்று முதல் பத்து ஆண்டு சிறை, பிணையில் வரமுடியாத குற்றம், உடைத்த பொருளுக்கு இழப்பீடு. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் நோயாளியின் மகன் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். சட்டம் என்பது சம்பவம் நடந்த பிறகு வேலை செய்வது. வாசலில் ஒட்டினால் தெரியட்டும் என்று ஒட்டலாம், வரத்தை அது குறைக்காது. அடி விழுந்துவிட்டால் சமரசம் பேசி மூடிவிடாமல், அன்றே காயச் சான்று, கேமரா பதிவு, பார்த்தவர் பெயர் ஆகியவற்றோடு நிர்வாகத்தின் பெயரில் புகார் கொடுக்க வேண்டும். அடிபட்ட நர்ஸைத் தனியாக ஸ்டேஷனுக்கு அனுப்புவது அநியாயம்.

மறுநாள்

சம்பவம் முடிந்ததும் பேசிய ஊழியருக்குப் பத்து நிமிடம் ஓய்வு; அவருக்கும் அட்ரினலின் ஏறியிருக்கிறது, அடுத்த டோக்கன்காரர்மீது அது இறங்கும். ஒரு நோட்டில் நாள், மணி, எந்த இடம், தொடக்கம் எது, எதைச் சொன்னபோது ஏறியது, எதில் இறங்கியது என்று நாலு வரி எழுதிவைக்கலாம். இரண்டு மாதம் எழுதினால் பெரும்பாலும் ஆட்கள் அல்ல, நேரங்கள்தான் தெரியவரும்: திங்கள் காலை, சந்தை நாள், மருத்துவர் ஆபரேஷன் வைத்துக்கொள்ளும் நாள். அந்த நாட்களில் டோக்கனைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

சண்டை போட்டவரே மறுபடி வருவார், சிறிய ஊரில் வேறு எங்கே போவார். நின்ற இடத்தில் பழையதை எடுக்காமல், உள்ளே உட்கார வைத்து மருத்துவர் ஒருமுறை பேசுவது போதும். உண்மையாகவே பார்க்க விருப்பமில்லை என்றால் சிகிச்சைக் குறிப்புகளைக் கையில் கொடுத்து, வேறு மருத்துவரைக் காட்டி, அவகாசமும் கொடுத்து அனுப்பலாம். அவசர நிலையில் வந்தால் அதற்கு இடமில்லை. முதலுதவி கொடுத்தே ஆக வேண்டும் என்பதை 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது.